பெர்மிட்டோடு வாங்கிய விமானம்

அவர் பெயரை எழுதப் போவதில்லை. மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். ஆள் உயிரோடு இருக்கிறார். கையும் பழைய நீளத்தில்தான் இருக்கிறது.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் அவர் டைம் கீப்பர். தனியார் பஸ் முதலாளிகள் கூடிச் சம்பளம் போட்டு வைத்த ஆள். அரியலூர் வண்டி ஏழு பத்துக்கு எடுக்க வேண்டுமென்றால் ஏழு பத்துக்கு எடுக்க வேண்டும். ஏழு பன்னிரண்டு வரை நின்று ஆள் ஏற்றினால் பின்னால் நிற்கிற ஏழு பதினைந்து வண்டிக்காரனின் வயிற்றில் அடித்த மாதிரி. அந்த வயிற்றுக்குக் காவல்தான் அவர் வேலை. மற்ற ஊர் டைம் கீப்பர்கள் நோட்டில் எழுதுவார்கள், முதலாளியிடம் புகார் சொல்வார்கள். இவருக்கு எழுத்தில் நம்பிக்கை கிடையாது.

அடிப்பதற்கு முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுவார். அடிபடுகிறவன் மேலும் கீழும் துள்ளும்போது கண்ணாடி உடைந்துவிடுமே என்ற கவலை. கழற்றியதைப் பக்கத்தில் நிற்கிறவன் கையில் கொடுப்பார். என் ஜெராக்ஸ் கடை அரியலூர் பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே இருந்ததால், பெரும்பாலும் அந்தப் பக்கத்து ஆள் நான்தான். என் வாழ்க்கையின் வீரச் செயல்களை யாராவது பட்டியல் போட்டால், கடிகாரம் பிடித்தது ஒன்றுதான் அதில் இருக்கும்.

முதல்முறை பிடித்தது நன்றாக நினைவிருக்கிறது. ஒரு டிரைவர் இரண்டு நிமிடம் தாண்டியும் இன்ஜினை உறும விட்டபடி நின்றான்.

"அண்ணே, ரெண்டே நிமிசம்ணே. ஒரு கல்யாண கோஷ்டி வருது, ஏத்திக்கிட்டு எடுத்துர்றேன்."

"கல்யாணம் யாருக்கு, உனக்கா?"

"இல்லண்ணே..."

"அப்ப நீ எதுக்குடா நிக்கிற?"

கடிகாரம் என் கைக்கு வந்தது. டிரைவர் ஜன்னல் வழியாக இறங்கினான். அவனுக்கு அப்படி இறங்கும் எண்ணம் இருக்கவில்லை. தலைமயிர் முதலில் வந்தது, அப்புறம் தோள், நடுவில் ஜன்னல் கம்பியில் முகம் உரசி ஒரு பல் சத்தமில்லாமல் தரையில் விழுந்தது. கீழே வந்தவனை அவர் மூன்று அடி அடித்தார். மூன்றும் ஒரே இடத்தில், இடது தாடையில். பிறகு கண்டக்டரைப் பார்த்து, "உனக்கு ஓட்டத் தெரியுமாடா?" என்றார். தெரியாது என்று சொல்லக் கண்டக்டருக்குத் தைரியம் வரவில்லை. பஸ் ஆடிக்கொண்டே கிளம்பியது. அவர் என் பக்கம் திரும்பிக் கை நீட்டியபோது, நான் கடிகாரத்தோடு சேர்த்து என் சட்டைப் பையில் இருந்த பேனா, சீப்பு, கடைச் சாவி எல்லாவற்றையும் அவர் கையில் வைத்தேன். சாவியையும் சீப்பையும் திருப்பித் தந்தார். பேனா நல்ல பேனா, வைத்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் தலையில் விழுந்தது. இரண்டு கம்பெனி பஸ் ஆட்கள் ஒரு நிமிடத் தகராறில் மோதிக்கொள்ள, இவர் நடுவில் புகுந்தார். யாரோ ஒருவன் டயர் கழற்றும் இரும்புக் கம்பியைப் பின்னாலிருந்து இறக்கினான். இடது காதிலிருந்து கழுத்து வரை சிவப்பாக வழிய வழிய, அந்தக் கம்பியை அவன் கையிலிருந்து பிடுங்கி, அவன் முழங்காலில் போட்டுவிட்டுத்தான் இவர் கீழே உட்கார்ந்தார். அன்றோடு இடது காது கேட்காமல் போய்விட்டது. போலீஸ் கேஸ் ஆனதால் முதலாளிகள் சங்கம், "கொஞ்ச நாள் ஒதுங்கி இருங்க" என்று சொல்லிவிட்டது.

ஒதுங்குவதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் என் கடை. அதற்குள் ஜெராக்ஸோடு ஒரு கம்ப்யூட்டரும் வாங்கிப் போட்டிருந்தேன். அவருக்கு நான் அதன்பின் 'கம்ப்யூட்டரு'தான். தலையில் கட்டோடு வந்து ஸ்டூலில் உட்காருவார். பேப்பரை விரிப்பார். ஒரு காலையில் விரித்த பக்கத்தில் அந்த விமானக் கம்பெனி விளம்பரம் இருந்தது. எல்லாரும் பறக்கலாம், டிக்கெட் மலிவு என்று அப்போது நாடெங்கும் ஒரே பேச்சு.

"ஏய் கம்ப்யூட்டரு, திருச்சிலேருந்து மெட்ராஸ் ஒரு மணி நேரமாமே?"

"ஆமாண்ணே."

"நடுவுல எங்கயும் நிக்காதா?"

"வானத்துல எங்கண்ணே நிக்கும்?"

"அப்ப வழில ஆள் ஏத்த முடியாது." பேப்பரை மடித்தார். "இது நல்ல தொழிலுடா."

ஒரே மாதத்தில் என் ஜெராக்ஸ் கடை விமான டிக்கெட் ஏஜென்சி ஆனது. என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் கடிகாரம் இருக்கிற கையைப் பார்த்துவிட்டு, சரி என்றுதான் சொல்லியிருப்பேன். திருச்சியில் ஒரு பெரிய ஏஜென்டுக்குக் கீழே நாங்கள். டிக்கெட்டை நான் போட வேண்டும், வாக்கை அவர் கொடுக்க வேண்டும். பாதிப் பேரிடம் அப்போது மொபைல் கிடையாது. ஆகவே பயணியின் தொடர்புக்கு என்று கேட்கிற இடத்தில் எல்லாருக்கும் எங்கள் கடை நம்பரையும் கடை மெயிலையும்தான் போடுவேன்.

முதல் கோஷ்டி அரும்பாவூர் வெங்காய வியாபாரியின் குடும்பம், பதினோரு பேர். சென்னையில் நிச்சயதார்த்தம். திருச்சி ஏர்போர்ட்டுக்கு நாங்களும் கூடப் போனோம். விமானம் நாற்பது நிமிடம் தாமதம் என்றான் டை கட்டிய பையன்.

"நாப்பதா? நாலா?" என்றார், நல்ல காதைத் திருப்பி.

"நாற்பது சார். டெக்னிக்கல்."

கடிகாரம் என்னிடம் வந்தது. வந்ததும் நான் நேராகக் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் கண்ணாடி நொறுங்கியது. அப்புறம் ஏதோ நாற்காலி. அப்புறம் பூட்ஸ் கால்கள் ஓடுகிற சத்தம். நான் கடிகாரத்தைக் காதில் வைத்துக்கொண்டு அதன் டிக்டிக்கை மட்டும் கேட்க முயன்றேன். வெளியே வந்தபோது துப்பாக்கிக்காரர்கள் நாலு பேர் அவர்மேல் உட்கார்ந்திருந்தார்கள். டைக்காரப் பையனின் மூக்கிலிருந்து கொட்டிய ரத்தம் அவன் வெள்ளைச் சட்டையில் இன்னொரு டை போட்டிருந்தது. தரையில் கன்னம் அழுந்தக் கிடந்தபடியே அவர் கத்தினார்: "பதினோரு பேர நிக்க வச்சிருக்க! வண்டிய எடுடா!"

பெரிய ஏஜென்ட் யார் யார் காலிலோ விழுந்து கேஸ் இல்லாமல் செய்தார். ஏர்போர்ட் வாசலைத் தாண்டி இவர் உள்ளே வரக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். இனி யாரும் எங்களிடம் டிக்கெட் வாங்க மாட்டார்கள் என்று நான் பழையபடி ஜெராக்ஸ் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தேன். நடந்தது வேறு. வெங்காய வியாபாரி ஊர் ஊராகச் சொல்லியிருக்கிறார்: "பிளேனு லேட்டானா எறங்கி அடிக்கிற ஏஜெண்டு இந்தியாவுலயே இவரு ஒருத்தருதாங்க!" அரும்பாவூரிலிருந்து வந்தார்கள், விக்கிரமங்கலத்திலிருந்து வந்தார்கள், மீன்சுருட்டியிலிருந்து ஒருவர் இடுப்பில் வேட்டி மடிப்பில் பணத்தோடு வந்து, "மெட்ராஸுக்கு ரெண்டு. ஜன்னலோரம்" என்றார். லப்பைக்குடிகாட்டு பாய் ஒருவர் எங்கள் நிரந்தர வாடிக்கை. "நானும் துபாய்க்கு எத்தனையோ தடவ போயிருக்கேன் தம்பி. குடிக்கத் தண்ணி கேட்டா காசு குடுன்னு சொன்ன பிளேன இப்பத்தான் பாக்குறேன். மாஷா அல்லாஹ், நம்ம பஸ் ஸ்டாண்டு மாதிரியே இருக்கு" என்பார்.

கம்பெனியும் வளர்ந்தது. பேப்பரில் வாரத்துக்கொரு புது ஊர். பின்னாலேயே பேப்பரில், நஷ்டம் என்றும் வந்தது. 2007ஆம் வருடம் ஒரு காலையில், அந்தக் கம்பெனியை இன்னொரு பெரிய விமானக் கம்பெனி வாங்கிவிட்டதாகப் போட்டிருந்தார்கள். பேப்பரை அவர் பக்கம் நீட்டினேன்.

"அண்ணே, வித்துட்டாங்களாமே. நம்ம டிக்கெட்டெல்லாம் என்னாகும்?"

"என்னடா ஆகும்? பெர்மிட்டோடதான வாங்கியிருப்பான்?"

பஸ் தொழிலில் அதுதான் வழக்கம். பஸ்ஸை விற்றால் தகரத்தையும் டயரையும் மட்டும் விற்பதில்லை. பெர்மிட்டையும் சேர்த்து விற்கிறார்கள். பெர்மிட்டில் எந்த ரூட், எத்தனை மணி என்பது எழுதியிருக்கும். வாங்கியவன் பெயின்டை மாற்றலாம், பெயரை மாற்றலாம், டிரைவரைத் துரத்தலாம். நேரத்தை மட்டும் தொட முடியாது.

"அரியலூர் ஏழு பத்து வண்டி என் காலத்துல மூணு கை மாறுச்சு. வெள்ளையா இருந்துச்சு, செகப்பாச்சு, பச்சையாச்சு. ஒரு நாளு ஏழு பதினொண்ணுக்கு எடுத்துருக்கானா? எடுத்தா நான் வுட்ருப்பனா?"

வந்தவர்கள் எல்லாரிடமும் இதையே சொன்னார். பெரம்பலூர்க்காரர்களுக்கு இது உடனே புரிந்தது. நிம்மதியாகப் போனார்கள். அப்படி நிம்மதியாகப் போனவர்களில் விக்கிரமங்கலத்துக்காரர் ஒருவர் இருந்தார். கத்தாரில் கிரேன் ஓட்டுகிறவர். முப்பது வயதிருக்கும். லீவு முடிந்து, அந்த வெள்ளிக்கிழமைக்குள் அங்கே போய் இறங்கவில்லை என்றால் விசா செத்துவிடும். வியாழக்கிழமை ராத்திரி பத்து மணிக்குச் சென்னையிலிருந்து அவருடைய விமானம். அதைப் பிடிக்க, திருச்சியிலிருந்து மாலை ஐந்து நாற்பது விமானத்தில் நாங்கள் டிக்கெட் போட்டிருந்தோம்.

"பஸ்ஸுல போயிடட்டுமாண்ணே? காலைலயே கெளம்பிடறேன்" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார்.

"அஞ்சு நாப்பதுன்னா அஞ்சு நாப்பது. நான் சொல்றேன்ல? வீட்டுல சோறு சாப்ட்டு மெதுவா வா."

அந்த வாரம் திங்கட்கிழமை பாய் வந்தார். பேச்சுவாக்கில், ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இன்னொரு ஏஜென்ட், திருச்சி சாயங்கால விமானத்தை நிறுத்தப் போகிறார்கள் என்று சொன்னதாகச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் பாய், எங்கள் அண்ணன் மணிக்கட்டைத் தடவுவதைப் பார்த்தார். "நான் ஒண்ணும் சொல்லலைங்க, அவன் சும்மா..." என்பதற்குள் கடிகாரம் என் மேஜையில் இருந்தது.

அவர் ரோட்டைத் தாண்டியதை இங்கிருந்தே பார்த்தேன். அந்தக் கடைக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே போன வேகத்திலேயே அந்த ஏஜென்டை மேஜைக்கு மேலாக இழுத்து, கதவைத் திறக்காமலே வெளியே கொண்டுவந்தார். கண்ணாடி மழை மாதிரி கொட்டியது. அந்த மனிதர் எழுந்திருக்க ஊன்றிய கை கண்ணாடிமேல் ஊன்றியது. அவர் அலறியது எங்கள் கடைக்குள் பாயின் குல்லாவையே ஆட்டியது. "வண்டிய நிறுத்துவானா? வண்டிய நிறுத்துவானா?" என்று ஒவ்வொரு அடிக்கும் இவர் கேட்டார். "மாட்டான், மாட்டான்" என்று அந்த மனிதர் அழுதுகொண்டே சொன்னார். உள்ளங்கையில் எட்டுத் தையல்.

அந்த நேரத்தில் நான் செய்த காரியம், பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக் கம்ப்யூட்டரைப் பார்த்தது. ஒரு மெயில் வந்திருந்தது. வியாழக்கிழமை முதல் திருச்சி மாலை விமானம் இயங்காது, பயணிகள் காலை விமானத்துக்கு இலவசமாக மாறிக்கொள்ளலாம், உடனே தெரிவிக்கவும்.

நிமிர்ந்தபோது அவர் வாசலில் நின்றார். முழங்கை வரை ரத்தம், எல்லாம் அவருடையது அல்ல.

"என்னடா பாக்குற?"

"ஒண்ணுமில்லண்ணே. சும்மா... வெளம்பரம்."

மெயிலை மூடிவிட்டேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை அவர் முகம் சரியில்லை. புதன்கிழமை என் முகம் சரியில்லை. விக்கிரமங்கலத்துக்காரருக்கு நேராகச் சொல்லிவிடலாம் என்றால், அவர் இவரிடம் வந்து கேட்பார். இதற்கு நடுவில் என் மூளை ஓர் அற்புதமான வேலை செய்தது. ஒருவேளை அண்ணன் சொல்வதுதான் சரியோ, பெர்மிட் என்று ஒன்று இருக்குமோ என்று எண்ண ஆரம்பித்தேன். பயந்தவனுக்கு எந்தச் சட்டமும் சீக்கிரம் புரிந்துவிடும்.

வியாழன் நாலு மணிக்குத் திருச்சி ஏர்போர்ட் வாசலில் எங்களை நிறுத்திவிட்டு அந்தக் கத்தார்க்காரர் உள்ளே போனார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தார். பெட்டியை உருட்டவில்லை, இழுத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, சாயங்காலம் வண்டியே இல்லைங்கறான். காலைலயே போயிடுச்சாம்."

அவர் யாரையும் அடிக்கவில்லை. வாடகை அம்பாசடரின் டிரைவரைக் காலரைப் பிடித்துத் தூக்கிப் பின் சீட்டில் என் பக்கத்தில் போட்டார். ஸ்டியரிங்கில் அவர் உட்கார்ந்தார். கத்தார்க்காரர் முன் சீட்டில், பாஸ்போர்ட் உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

அப்போது அந்த ரோட்டை நாலு வழியாக்க வெட்டிப் போட்டிருந்தார்கள். பாதி தார், பாதி பள்ளம். எங்கள் ஊரையே அவர் ஹாரனில் கை வைத்தபடி கடந்தார். தொழுதூருக்கு அப்பால் ஒரு லாரி வழி விடவில்லை. உரசிக்கொண்டே தாண்டினார், எங்கள் பக்கக் கண்ணாடி பறந்தது, கதவு உள்வாங்கி என் முழங்காலைக் கவ்வியது. லாரி கிளீனர் எறிந்த கல் பின் கண்ணாடியை உடைத்து என் மடியில் வந்து உட்கார்ந்தது. நான் வாந்தி எடுத்தேன். டிரைவர் அழுதார். இப்போது சொல்லலாம், இப்போது சொல்லலாம் என்று வாயைத் திறந்த ஒவ்வொரு தடவையும் வாந்திதான் வந்தது.

விழுப்புரத்தில் எட்டேகால் ஆகிவிட்டது. இன்னும் பாதி வழி இருந்தது.

"அண்ணே, நிறுத்துங்க. போதும்" என்றார் கத்தார்க்காரர்.

"பத்து மணிக்குத்தான எடுக்கறான்? லேட்டா எடுப்பான்டா. எல்லாப் பயலும் லேட்டாத்தான எடுக்கறான்? இவனும் எடுப்பான்."

ஒரு வண்டி நேரத்துக்குக் கிளம்பக் கூடாது என்று அவர் வாழ்நாளில் முதல்முறையாக வேண்டிக்கொண்டார். அது சரியாகப் பத்து மணிக்குக் கிளம்பிவிட்டது.

மறுநாள் மதியம் விக்கிரமங்கலத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கத்தார்க்காரரின் மச்சான், சித்தப்பா மகன், இன்னொருவர். கூட வந்த கத்தார்க்காரர் வாசலோடு நின்றுகொண்டார்.

"நேரம் மாறாதுன்னியே. பெர்மிட்டுன்னியே. எங்கய்யா உன் பெர்மிட்டு?" என்றான் மச்சான்.

அவர் எழுந்தார். கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். மூன்று பேரும் ஓரடி பின்னால் போனார்கள். ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். நான் மேஜைக்கு அடியில் போய்விட்டேன். அங்கிருந்து பார்த்தால் அவருடைய கைகள் தெரிந்தன. முதுகுக்குப் பின்னால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தன.

"தப்பு என்னுதுதான்" என்றார்.

முதலில் கை, பிறகு ஸ்டூல், பிறகு என் ஜெராக்ஸ் மெஷினின் மூடி. அவர் விழுந்தபோது முகம் என் முகத்துக்கு நேராகத் தரையில் வந்தது. உதடு கிழிந்து இரண்டாக இருந்தது. விலாவில் மிதிக்கும்போது ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிப்பது மாதிரி. அவர் கண்ணை மூடவில்லை. மேஜைக்கு அடியில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் பிடித்த கைகள் விலகவில்லை. கடைசியில் கத்தார்க்காரர்தான், "வுடு மச்சான், செத்துடப் போறாரு" என்று மச்சானை இழுத்துக்கொண்டு போனார்.

பெரம்பலூர் பெரியாஸ்பத்திரியில் மூன்றாம் நாள் சொன்னேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மெயில் வந்தது, மூடியது, வாந்தி எடுத்தது எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினேன். அவர் அசையவில்லை. அப்புறம்தான் பார்த்தேன், நான் அவ்வளவையும் அவருடைய இடது காதில் சொல்லியிருக்கிறேன். கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போய் முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாம் தடவை சொல்லும்போது அழுகை வரவில்லை. அது இன்னும் அசிங்கமாக இருந்தது.

"எப்ப வந்துச்சு?"

"திங்கக்கிழமண்ணே. நீங்க ரோட்டத் தாண்டிப் போயிருந்தப்ப."

"ஏன்டா சொல்லல?"

"அடிப்பீங்கன்னு."

தையல் போட்ட உதட்டை மெதுவாகப் பிரித்தார். "நான் உன்ன ஒரு நாளாவது அடிச்சிருக்கனாடா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை.

அவர் முகத்தை மின்விசிறிப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "வெளில யார்ட்டயும் சொல்லாத. அவனுங்க உன்னைய அடிப்பானுங்க. நீ தாங்க மாட்ட" என்றார்.

ஏஜென்சியை மூடிவிட்டோம். உடம்பு தேறியதும் சங்கத்துக்காரர்கள் அவரை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். நான் எப்போதாவது அங்கே போவேன். இரண்டு பேரும் ரோட்டோரம் நின்று டீ குடிப்போம். கத்தார்க்காரருக்குப் புது விசா கிடைக்கவில்லை. சிமென்ட் பேக்டரிக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வழியாகத்தான் லோடு போகும். எங்களைக் கண்டால் வேகத்தைக் குறைப்பார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, குறி பார்த்து, அவர்மேல் காறித் துப்புவார். சில நாள் சட்டையில் விழும், சில நாள் கன்னத்தில். இரண்டு நிமிடத்துக்காக ஒருத்தன் பல்லைப் பிடுங்கியவர், துண்டால் துடைத்துக்கொண்டு டீயைக் குடித்து முடிப்பார். என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார்.

டிப்பர்காரருக்குக் குறி தப்பியதே இல்லை. அது விழ வேண்டிய முகம் இரண்டு முழம் தள்ளி, டீ கிளாஸுக்குள் குனிந்திருந்தது.